டிடி ஸ்போர்ட்ஸில் மேட்ச்: பக்கத்து வீட்டில் ஓடுகிறது, நம் வீட்டில் ஏன் இல்லை?

இந்தியா ஆடும் ஒருநாள் போட்டி என்றால் போதும், டாஸ் போட்ட பத்தாவது நிமிடம் பெரியப்பாவிடமிருந்து போன் வந்துவிடும். "ஏம்ப்பா, டிடி ஸ்போர்ட்ஸ்ல மேட்ச்னு சொன்னாங்க, இங்க பழைய கபடி ஓடுது." அவர் வீட்டில் இருப்பது கேபிள். இரண்டு வீடு தள்ளி மொட்டைமாடியில் தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷான டிடி ஃப்ரீ டிஷ் மாட்டியிருப்பவர் வீட்டில் அதே டிடி ஸ்போர்ட்ஸில் மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும், அதுவும் மாதக் கட்டணம் இல்லாமல். பெட்டி கெட்டுப்போகவில்லை, கேபிள்காரர் ஏமாற்றவும் இல்லை. சட்டம் அப்படி.

அந்தச் சட்டம் 2007-இல் வந்தது. விளையாட்டு ஒளிபரப்பு சிக்னலை, தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் பிரசார் பாரதியுடன் கட்டாயம் பகிர வேண்டும் என்பதுதான் அதன் பெயரே. அந்த ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் இங்கே ஆட வந்தபோது, உரிமை வாங்கியிருந்த நிம்பஸ் நிறுவனத்துக்கும் தூர்தர்ஷனுக்கும் தகராறு முற்றி கோர்ட் வரை போனது. பிப்ரவரியில் அவசரச் சட்டம், மார்ச்சில் முழுச் சட்டம் என்று அரசு அவசர அவசரமாக முடித்துவிட்டது.

விஷயம் இதுதான். தேசிய முக்கியத்துவம் உள்ளது என்று மத்திய அரசு அறிவித்த போட்டியை ஒரு தனியார் சேனல் கேபிளிலோ டிடிஎச்சிலோ நேரலையாகக் காட்டினால், தன் விளம்பரங்களை எடுத்துவிட்டு அதே சிக்னலை அதே நேரத்தில் பிரசார் பாரதிக்குக் கொடுத்தாக வேண்டும். தூர்தர்ஷன் தன் விளம்பரங்களைப் போட்டுக்கொள்ளும். அதில் வரும் வருமானத்தில் குறைந்தது 75 சதவீதம் உரிமை வாங்கியவருக்கு, மீதிதான் பிரசார் பாரதிக்கு. ரேடியோ வர்ணனைக்கு மட்டும் பாதிக்குப் பாதி. மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், உரிமத்துக்கும் ஆபத்து வரலாம்.

பட்டியலில் ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த், இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 போட்டிகள் எல்லாம் உண்டு. டெஸ்டில் சில மட்டும்தான். ஐபிஎல் இல்லவே இல்லை. அதனால் சென்னையும் மும்பையும் ஆடும் நாளில் "டிடியில ஏன் வரல" என்று கேட்பதில் நியாயம் இருக்கலாம், சட்டம் இல்லை.

சரி, பெரியப்பா வீட்டு கபடிக்கு வருவோம். டிடி சேனல்களை எல்லா கேபிள்காரர்களும் காட்டியே ஆக வேண்டும் என்று கேபிள் சட்டத்தில் தனி விதி இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால், கோடிகள் கொட்டி உரிமை வாங்கிய கட்டணச் சேனலின் மேட்ச் டிடி வழியாக எல்லா கேபிள் வீட்டுக்கும் இலவசமாகப் போய்விடும். இலவசமாக வந்தால் எங்கள் சேனலை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பதுதான் விளையாட்டுச் சேனல்களின் புலம்பல். ஸ்டார் தரப்பும் கிரிக்கெட் வாரியமும் இதைக் கோர்ட்டுக்கு எடுத்துப் போயின. பகிரும் சிக்னல் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான், கேபிளுக்கு அல்ல என்று 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதில் தரைவழி ஒளிபரப்பு, அதாவது பழைய மீன்முள் ஆன்டெனா, பெரும்பாலும் மூட்டை கட்டியாகிவிட்டது. ஆக நடைமுறையில் இந்த உரிமை ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவருக்கே.

அப்புறம் ஸ்ட்ரீமிங் வந்தது. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும். இலவசம் எங்களைக் கொன்றுவிடும் என்று வாதாடிய அதே வீட்டுக்காரர்கள், 2023-இல் ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் ஸ்டாரின் ஆப்பான ஹாட்ஸ்டாரில் செல்போனுக்கு இலவசமாகத் திறந்துவிட்டார்கள். போட்டி ஆப்பான ஜியோசினிமா அந்த வருடம் ஐபிஎல்லையே சும்மா கொடுத்ததால் வந்த போட்டி அது. இப்போது புலம்புவது கேபிள் நிறுவனங்களின் முறை: சேனலுக்கு எங்களிடம் காசு வாங்கிக்கொண்டு, அதே மேட்சை போனில் சும்மா கொடுத்தால் எங்கள் வாடிக்கையாளர் எதற்கு எங்களிடம் இருப்பார்? சேனலைத் தொகுப்பில் சேர்க்க வேண்டுமானால் மாதம் 19 ரூபாய்க்கு மேல் விலை வைக்கக் கூடாது என்பதுவரை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி இருக்கிறது, ஆப்புக்கு அப்படி எந்த உச்சவரம்பும் இல்லை. இந்தப் புகாரோடு கேபிள் நிறுவனங்கள் தொலைத்தொடர்பு தீர்ப்பாயத்துக்குப் போயின. ஓடிடி, அதாவது இணையம் வழியாக ஆப்பில் காட்டுவது, டிராய் சட்டத்துக்குள் வராது என்பதே தீர்ப்பாயத்தின் முதல்கட்டக் கருத்தாக இருந்தது.

பணமும் அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. 2023-இல் கிரிக்கெட் வாரியம் இந்தியா சொந்த மண்ணில் ஆடும் போட்டிகளின் உரிமையை ஐந்து வருடத்துக்கு விற்றபோது டிவிக்கு 2,862 கோடி, டிஜிட்டலுக்கு 3,101 கோடி.

2007 சட்டத்தில் ஒளிபரப்பு என்பதற்குக் கொடுத்த விளக்கத்தில் கணினி வலையில் தொடர்ந்து ஓடவிடுவதும் இருக்கிறது. ஆனால் சிக்னலைக் கொடு என்று கட்டாயப்படுத்தும் பிரிவில் கேபிளும் டிடிஎச்சும்தான். ஒருவர் ஆப்பில் மட்டும் காட்டினால் அந்தப் பிரிவு நேரடியாகப் பிடிக்காது. 2022-இல் இந்தியா வெஸ்ட் இண்டீஸ் போனபோது ஸ்ட்ரீமிங் ஃபேன்கோடு ஆப்பில், டிவியில் டிடி ஸ்போர்ட்ஸ். அதே வருடம் நியூசிலாந்து தொடர் அமேசான் பிரைமில் ஓடியது, அதையும் டிடி காட்டியது. இப்படி டிடிக்கு வந்துகொண்டிருக்கும்வரை யாரும் இந்த ஓட்டையைக் கவனிப்பதில்லை. இன்னொன்று, பகிர்ந்து வாங்கும் சிக்னலை பிரசார் பாரதி தன் வேவ்ஸ் ஆப்பில் போடவும் இந்தச் சட்டத்தில் இடம் இல்லை.

பெரியப்பா ஃப்ரீ டிஷ் வாங்கவில்லை. பேரனின் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துப் பார்க்கிறார். ஆப்பில் படம் பல நொடி தாமதமாக வருவதால், பவுலர் ஓடி வரும்போதே பக்கத்து வீட்டில் "அவுட்டு" என்று கத்திவிடுகிறார்கள். அதற்கும் எனக்குத்தான் போன் வருகிறது.