இரண்டு பக்கமும் டாப் போட்ட வயர்

போன வாரம் ராத்திரி ஒன்பதரை மணிக்கு போன் வந்தது. “அண்ணே, பையனுக்கு ஷாக் அடிச்சிருச்சு. ஜெனரேட்டர்ல ஏதோ கோளாறு, கொஞ்சம் வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தால் ஜெனரேட்டரில் ஒரு கோளாறும் இல்லை. ஹாலில் வாஷிங் மெஷின் பாயிண்டில் ஒரு கறுப்பு வயர் செருகியிருந்தது. அதன் மறுமுனை வாசலில் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரில். ஜெனரேட்டர் கரண்டை அந்தப் பாயிண்ட் வழியாக வீட்டு வயரிங் முழுக்கத் திருப்பி விடுவதற்கான வயர் அது. இரண்டு முனையிலும் த்ரீ பின் டாப், அதாவது சாக்கெட்டில் செருகும் பிளக். இருட்டில் பையனுக்குக் கால் தடுக்கி ஹால் பக்கத்து டாப் கழன்று விழுந்திருக்கிறது. எடுத்து மாட்டப் போயிருக்கிறான். பித்தளைப் பின்னைத் தொட்ட இரண்டு விரல் நுனியும் வெந்து வெள்ளையாகியிருந்தன. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டான்.

இந்த வயரை எத்தனை வீட்டில் பிடுங்கிப் போட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் டெல்டா பக்கம் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. டேங்கில் தண்ணீர் ஏற்றவும் செல்போன் சார்ஜ் போடவும் ஊர் ஊராக ஜெனரேட்டர் போனது. அப்போது பழகிய குறுக்குவழி பல வீடுகளில் இன்னும் ஆணியில் தொங்குகிறது.

எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: “மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் போடுறேன்.”

சரி, ஆஃப் செய்தீர்கள். அந்தப் பையன் வீட்டிலும் மெயின் ஆஃபில்தான் இருந்தது. மெயினுக்கும் அவன் விரலுக்கும் சம்பந்தமே இல்லை. சாக்கெட்டில் கரண்ட் உள்ளே ஒளிந்திருக்கும். இந்த வயரில் 230 வோல்ட் பின்னிலேயே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கழன்றால் தரையில் கிடக்கும், ஈரத்தில் கிடக்கும், குழந்தை கையில் கிடைக்கும்.

அடுத்தது, நீங்கள் ஆஃப் செய்ததை வீட்டில் இன்னொருவர் ஆன் செய்யமாட்டார் என்று எப்படி நம்புகிறீர்கள்? எதிர் வீட்டில் லைட் எரிந்ததும் பெரியவர் எழுந்து போய் மெயினைத் தூக்கிவிடுவார். ஈ.பி. கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் மோதிக்கொள்ளும். வைண்டிங் கருகி என் பட்டறைக்கு வருகிற ஜெனரேட்டர்களில் பாதி இந்தக் கதைதான். மூடியைக் கழற்றும்போதே வார்னிஷ் கருகிய வாடை சொல்லிவிடும்.

மறந்துபோய் மெயின் ஆனிலேயே இருந்தால் அது எல்லாவற்றையும் விட மோசம். 11,000 வோல்ட்டை இறக்கி உங்கள் வீட்டுக்குத் தரும் அதே டிரான்ஸ்பார்மர், உங்கள் ஜெனரேட்டர் கரண்டைத் திருப்பி ஏற்றியும் அனுப்பும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நினைத்து மேலே ஒருவர் கம்பியைப் பிடித்திருப்பார். “சின்ன ஜெனரேட்டர்ணே, ஊர் லோடை இழுத்தா தானா ட்ரிப் ஆகிடும்” என்பார்கள். ஊர் முழுக்க கம்பி முழுசாக இருந்தால் ட்ரிப் ஆகலாம். புயலில் பாதி வழியில் அறுந்து தொங்கும்போது லோடு எங்கே இருக்கிறது? லைன்மேன்கள் எர்த் ராடு (கம்பியை மண்ணோடு இணைக்கும் தடி) போட்டுவிட்டுத்தான் தொடவேண்டும், அது விதி. ஆனால் மூன்று நாள் தூங்காமல் வேலை பார்க்கிறவர் ஒரு கம்பத்தில் மறந்தால், அதற்குத் தண்டனை உங்கள் வீட்டிலிருந்தா போகவேண்டும்?

வீட்டு வயரிங்கில் ஜெனரேட்டரைக் கொடுக்க ஒரே வழி சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச். பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றுகிற டபுள் போல் வாங்குங்கள். ஈ.பி. பக்கம் இருந்தால் ஜெனரேட்டர் இல்லை, ஜெனரேட்டர் பக்கம் இருந்தால் ஈ.பி. இல்லை. நடுவில் ஆஃப். லைசென்ஸ் உள்ள வயர்மேன் அரை நாளில் மாட்டிவிடுவார். அதற்குக் காசில்லை என்றால் வீட்டு வயரிங்கைத் தொடவே வேண்டாம். ஜெனரேட்டரிலேயே சாக்கெட் இருக்கிறது. நல்ல எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நேராக அதில் ஓட்டுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வராண்டா, மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் ஓரம், எங்கேயும் ஜெனரேட்டரை வைக்கக்கூடாது. வீட்டை விட்டு இருபது அடியாவது தள்ளி, சைலன்சர் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கிறது, புகை வாடையே இல்லை என்று சொல்லாதீர்கள். ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகத் தலைவலி, குமட்டல் என்றால் உடனே எல்லோரையும் வெளியே கூட்டிவந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டு ஊற்றுங்கள். மழையில் நனையவிடாதீர்கள், ஈரக் கையால் தொடாதீர்கள். 2 கே.வி.ஏ. ஜெனரேட்டரில் ஒரு ஹெச்.பி. போர் மோட்டாரைப் போட்டுவிட்டு “இழுக்கலை” என்று எனக்கு போன் செய்யாதீர்கள். ஸ்டார்ட் ஆகும் நொடியில் மோட்டார் பல மடங்கு கரண்ட் கேட்கும்.

ஆயிலைச் சமதளத்தில் வைத்துப் பாருங்கள். புது ஜெனரேட்டர் என்றால் முதல் இருபது மணி நேரம் ஓடியதும் மாற்றுங்கள், அப்புறம் நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நின்றால் கார்புரேட்டரில் பிசின் கட்டும். மழைக்காலம் முடிந்து மூடி வைப்பதானால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். இல்லையென்றால் மாதம் ஒருமுறை கால் மணி நேரம் லோடு போட்டு ஓட்டுங்கள். புயல் அன்றைக்கு முதல்முறையாகக் கயிற்றை இழுக்கக்கூடாது.

அந்தக் கறுப்பு வயரைத் தூக்கிப்போட மனசு வராது என்பதும் எனக்குத் தெரியும், நல்ல செம்பு. பையன் வீட்டில் நான் செய்ததைச் செய்யுங்கள். ஒரு பக்கத்து டாப்பை வெட்டி எறிந்துவிட்டு அந்த முனையில் ஒரு சாக்கெட் பெட்டி மாட்டினேன். இப்போது அது ஜெனரேட்டரிலிருந்து ஃபிரிட்ஜுக்குப் போகும் எக்ஸ்டென்ஷன் வயர்.