பேஸ்: கீழ்த்தொனியும் அடித்தொனியும்

ஹெட்போன் பற்றிப் பேசும் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல் பேஸ், அதாவது இசையின் தாழ்ந்த, கனத்த ஒலி. ‘பேஸ் அள்ளுது’, ‘பேஸ் பத்தல’, ‘பேஸ் கொஞ்சம் ஓவர்’ என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று நான்கு வேறு விஷயங்களைச் சொல்லிவிடுகிறோம். விலை உயர்ந்த திறந்தவகை ஹெட்போன் (வெளிப்பக்கம் அடைக்காமல் காற்று போய்வர விட்டது) பக்கம் வரும்போது இது பெரிய குழப்பமாகிறது. ஒருவர் ‘இதில் பேஸே இல்லை’ என்பார். அதே ஹெட்போனைக் கேட்டு இன்னொருவர் ‘இவ்வளவு நல்ல பேஸ் கேட்டதில்லை’ என்பார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

முதலில் சொல்லின் கதை. பிற்கால லத்தீனில் ‘பஸ்ஸுஸ்’ என்றால் தாழ்ந்த, குட்டையான, தடித்த என்று பொருள். அதிலிருந்து இத்தாலிய ‘பஸ்ஸோ’ வந்தது. ஆங்கிலத்தில் இச்சொல்லின் எழுத்துக்கூட்டல் பின்னாளில் இத்தாலியச் சொல்லைப் பார்த்து மாறியது. உச்சரிப்பு மட்டும் ‘பேஸ்’ என்றே தங்கிவிட்டது. அடித்தளம் என்ற பொருள் தரும் பேஸ் வேறு, அது கிரேக்க ‘பாசிஸ்’ வழி வந்தது. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால், இசைக்கு அடித்தளமாக இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று சிலர் விளக்குவதுண்டு. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் வேர் அதுவல்ல.

தமிழில் என்ன சொல்லலாம்? பழைய தமிழிசை ஸ்தாயிகளை மெலிவு, சமன், வலிவு என்று பிரிக்கிறது. கீழ் ஸ்தாயிக்கு மெலிவு என்பதே பெயர். அருமையான சொல், ஆனால் இன்று ‘மெலிவான பேஸ்’ என்றால் வலுவில்லாத பேஸ் என்றே எவரும் புரிந்துகொள்வார்கள். மந்தரம் என்பதும் உண்டு. பேச்சில் அது மந்தமாகி, மந்தம் சோர்வாகிவிடும். தாழொலி என்றால் சத்தம் குறைவு என்று நினைக்க இடமிருக்கிறது. எனக்குச் சரியாகப் படுவது கீழ்த்தொனி. கீழ் சட்ஜம், மேல் சட்ஜம் என்று பாடுகிறவர்கள் சொல்லும் அதே ‘கீழ்’தான். 20 முதல் 250 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரையுள்ள முழுப் பகுதிக்கும் இது பொருந்தும். அதற்குள் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் சப்-பேஸை அடித்தொனி என்று தனியாகச் சொல்லலாம். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகக் கீழான சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ், பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். இரண்டின் அடிப்படை அதிர்வும் இந்த அடித்தொனிக்குள் வந்துவிடும்.

இப்படிப் பிரித்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் திறந்த ஹெட்போனில்தான் அதிகம். ஹெட்போனின் சவ்வு முன்னால் காற்றை அழுத்தும் அதே கணத்தில் பின்னால் காற்று தளர்கிறது. இரண்டு அலைகளும் எதிரெதிரானவை. ஒன்றோடொன்று சேர்ந்தால் அழிந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர் என்பதால், சில சென்டிமீட்டர் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வருவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மேல் சுரங்கள் தப்பித்துவிடும், கீழ்த்தொனி மாட்டிக்கொள்ளும். அப்புறம் இன்னொன்று: அடைத்த சிறு அறைக்குள் சவ்வு அசைந்த அளவுக்கு அழுத்தம் கிடைக்கும், திறந்த வெளியிலோ, அதிர்வெண் பாதியானால் அதே சத்தத்துக்குச் சவ்வு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஆகவே ‘திறந்த’ என்ற பெயர் டிரைவரின் (சவ்வோடு சேர்ந்து ஒலி எழுப்பும் பகுதி) வெளிப்பக்கத்துக்கு மட்டுமே பொருந்த வேண்டும். காதுப் பக்கம் பேட் (காதைச் சுற்றிய மெத்தை) நன்றாக அடைத்திருந்தால்தான் அடித்தொனி நிற்கும். காதில் படாமல் தொங்கும் ஏகேஜி கே1000 அந்த அடைப்பே இல்லாமல் செய்யப்பட்டது. அதன் கீழ்த்தொனி மெலிந்து போனதற்கு இதுவே காரணம்.

சுருள் வைத்த வழக்கமான டைனமிக் டிரைவர்கள் பலவற்றில் ஒத்திசைவு (சவ்வு தன்னியல்பாக அதிகம் அதிரும் இடம்) 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. அதற்குக் கீழே ஒலி படிப்படியாகச் சரியும். சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 இரண்டிலும் ஆண் குரலும் செல்லோவும் நிறைவாக ஒலிக்கும். 30 ஹெர்ட்ஸ் சிந்தசைசர் வந்தால் நிழல் மட்டுமே கிடைக்கும். 2009இல் வந்த எச்டி 800, 56 மில்லிமீட்டர் வளைய டிரைவரோடு விசாலமான ஒலிக்குப் பேர் வாங்கியது. ஆனால் பேஸ் குறைவு என்ற புகார் அதைத் தொடர்ந்துகொண்டே இருந்தது. பிளானர் மேக்னெட்டிக் வகையில் கதை மாறுகிறது. மெல்லிய படலம் முழுவதும் மின்தடம் ஓடுவதால் விசை பரப்பெங்கும் பரவுகிறது. ஆடிஸி எல்சிடி-2 போன்றவற்றில் கீழ்த்தொனி கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் 20 ஹெர்ட்ஸ் பக்கம் வரை இறங்குகிறது, சிதைவும் (ஒலி திரிவது) குறைவு.

ஆக பேஸ் என்ற ஒரு சொல்லுக்குள் அளவு, ஆழம், கட்டு என மூன்று குணங்கள் பதுங்கியிருக்கின்றன. அளவு என்பது எவ்வளவு உரக்க, ஆழம் என்பது எவ்வளவு கீழே, கட்டு என்பது அடி விழுந்ததும் ஒலி எவ்வளவு சுத்தமாக நிற்கிறது. மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் ஒலிக்கும்போது கும்கியின் (தோலைக் கையால் அழுத்திச் சுருதியை வளைக்கும் ஒலி) வளைவு தனியாகத் தெரிந்தால் கட்டு இருக்கிறது; எல்லாம் கலந்து ஒரே ‘தொம்’ ஆகிவிட்டால் இல்லை. நல்ல திறந்த பிளானர் கேட்டுவிட்டு ‘பேஸ் இல்லை’ என்பவர் பெரும்பாலும் அளவைச் சொல்கிறார். மலிவான அடைப்பு ஹெட்போன்கள் பலவற்றில் 100–200 ஹெர்ட்ஸ் வீங்கியிருக்கும். அதற்குப் பழகிய காதுக்குச் சமமட்டம் வெறுமையாகத்தான் படும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒலிக்கருவி நிறுவனமான ஹார்மனில் ஆய்வாளர்கள் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2010களில் நடத்திய கேட்புச் சோதனைகளிலும், சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சில டெசிபல் உயர்ந்த ஒலியையே பெரும்பாலோர் விரும்பினார்கள். ஈக்வலைசரில் இந்த உயர்வைக் கொடுத்தால் பிளானர் எளிதாகத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே சரிந்து நிற்கும் டைனமிக் டிரைவரில் சிதைவு கூடிவிடும்.

ஆம்ப்ளிஃபையருக்கும் இதில் பங்குண்டு. எச்டி 600இன் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) 300 ஓம். ஒத்திசைவு இடத்தில் அது இன்னும் ஏறும். வெளியீட்டு மின்மறுப்பு அதிகமுள்ள வால்வ் ஆம்பில் செருகினால் அந்த இடத்தில் ஒலியும் ஏறி, ‘வெதுவெதுப்பான பேஸ்’ கிடைக்கும். கூடியது அளவு, ஆழம் இருந்த இடத்திலேயே இருக்கும். பிளானரின் மின்மறுப்பு சமமாக ஓடுவதால் இந்த மாற்றம் அங்கே நேராது.

கையில் இருப்பதைச் சோதிக்க ஆசைப்பட்டால், 200 ஹெர்ட்ஸிலிருந்து 20 வரை இறங்கும் தனிச்சுரம் ஒன்றைக் குறைந்த சத்தத்தில் ஓடவிடுங்கள். எங்கே வீங்குகிறது, எங்கே மறைகிறது என்று கவனியுங்கள். பிறகு கண்ணாடி போடுபவர்கள் அதைக் கழற்றிவிட்டு, பேட் காதைச் சுற்றிப் படியும்படி வைத்து மறுபடி கேளுங்கள். காணாமல் போன அடித்தொனி இப்போது திரும்பி வந்தால், அது கண்ணாடிக் கால் விட்ட இடைவெளி வழியாகத்தான் கசிந்திருக்கும்.