அலோடினியா: தொட்டாலே நோகும் தலைக்கு ஒரு பெயர்

நாள்கணக்கில் விடாத தலைவலி. அதோடு சீப்பு பட்டாலும் நோகிறது, தலையணையில் அந்தப் பக்கம் சாய முடியவில்லை, மூக்குக்கண்ணாடியின் காம்புகூடக் காதோரம் உறுத்துகிறது. அடிபட்டதும் இல்லை, புண்ணும் இல்லை. இப்படி வருவதை மருத்துவத்தில் அலோடினியா என்கிறார்கள். சாதாரணமாக வலி தராத ஒன்று பட்டு வலி உண்டானால் அது அலோடினியா. வெயிலில் எரிந்துபோன முதுகில் சட்டை உரசினால் துடித்துப்போகிறோமே, அதுவும் இதே வகைதான்.

சொல் பழைய கிரேக்கம்போல ஒலிக்கும். உண்மையில் 20ஆம் நூற்றாண்டில் கட்டிய சொல். ‘அல்லோஸ்’ என்றால் வேறு. ‘ஒடுனே’ என்றால் வலி. வலி பற்றிய சொற்களுக்கு ஒரு பொதுப் பொருள் இருக்க வேண்டும் என்று பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் 1979இல் ஒரு சொற்பட்டியலை வரையறைகளோடு வெளியிட்டது. அதில் இந்தச் சொல் இடம்பெற்றது. பெயர் வைப்பதில் உதவியவர் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் மருத்துவ வரலாறு கற்பித்த பால் பாட்டர்.

‘வேறு’ ஏன் வந்தது? பட்டது தொடுகை, உணர்ந்தது வலி. உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது வேறொன்று. இதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் உண்டு: ஹைப்பரால்ஜீசியா. ஊசி குத்தினால் எல்லாருக்கும் வலிக்கும். ஒருவருக்கு மட்டும் அளவுக்கு மீறி வலித்தால் அது ஹைப்பரால்ஜீசியா, மிகைவலி. அலோடினியாவில் ஊசியே இல்லை, பஞ்சு பட்டாலே போதும்.

சரி, தமிழில்? வேர்ச்சொல்லை அப்படியே பெயர்த்து ‘வேற்றுவலி’ என்று வைக்கலாம். ஆனால் கேட்பவருக்கு அதில் ஒன்றும் புரியாது. எதற்கு வேறு என்று கேட்பார். ‘தொடுவலி’ பரவாயில்லை. எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுவது ‘தொடுநோவு’. வலி என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வலிமை என்றே பொருள். திருக்குறளில் ‘வலியறிதல்’ அதிகாரம் பேசுவது பலத்தைப் பற்றி. துன்பத்துக்கும் வேதனைக்கும் உரிய பழைய வேர் ‘நோ’. நோய், நோவு, நோதல், நோகிறது எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஈழத்தமிழில் நோவு இன்றும் அன்றாடச் சொல். தொட்டால் ‘நோகுது’ என்று சொல்லும்போது நாம் குறிப்பதும் ஏறக்குறைய இந்த உணர்வைத்தான். தொடுதிரைக்குப் பழகிய காதுக்குத் தொடுநோவும் உறுத்தாது. ஒரு குறை உண்டு: குளிர்காற்றோ வெதுவெதுப்பான நீரோ பட்டு வலித்தாலும் அது அலோடினியாதான், அங்கே ‘தொடு’ முழுதாகப் பொருந்தாது. தலைத்தோலைப் பற்றிப் பேசும்போது இந்தக் குறை பெரிதில்லை.

விடாத தலைவலியோடு தொடுநோவும் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி. அமெரிக்காவில் ராமி பர்ஸ்டைனும் உடன் பணியாற்றியவர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மைக்ரேன் உள்ள 42 பேரில் 33 பேருக்கு வலி வந்த நேரத்தில் தோல் நொந்தது. மூளையைச் சுற்றிய சவ்வுகளிலிருந்தும் முகம், தலைத்தோலிலிருந்தும் வரும் செய்திகள் மூளைத்தண்டில் ஒரே நரம்பணுக்களில் வந்து சேர்கின்றன. சவ்விலிருந்து வலி ஓயாமல் வந்துகொண்டிருந்தால் அந்த அணுக்கள் முறுக்கேறிவிடும். பிறகு தோலிலிருந்து வரும் வெறும் தொடுகையையும் வலி என்றே மேலே அனுப்பும். உடலின் உணர்வுச் செய்திகள் வந்து சேரும் மூளைப் பகுதியான தாலமஸ் வரை இது ஏறினால் கையில் கட்டிய கடிகாரம்கூட நோகும். மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரைகளைத் தொடுநோவு தொடங்குமுன் போட்டால் நன்றாகக் கேட்பதும், பிந்தினால் அவ்வளவாகக் கேட்காததும் இதனால்தான். அதற்காக மாத்திரையைக் கணக்கில்லாமல் போடுவதும் ஆபத்து. சாதாரண வலிமாத்திரையே மாதத்தில் 15 நாளுக்கு மேல், தொடர்ந்து சில மாதம் போனால், மாத்திரையே தலைவலியை நீடிக்க வைக்கும்.

இறுக்கத் தலைவலியில், அதாவது டென்ஷன் தலைவலியில், கதை வேறு. அங்கே மேலோட்டமாகத் தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நெற்றிப்பொட்டு, பிடரித் தசைகளை விரலால் அழுத்தினால்தான் வலிக்கும். அதை ‘அழுத்துநோவு’ என்று பிரித்துச் சொன்னால் நல்லது. மருத்துவரிடம் ‘தலை வலிக்கிறது’ என்பதோடு நிறுத்தாமல், பட்டால் நோகிறதா, அழுத்தினால் நோகிறதா என்பதையும் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

பிடரியிலிருந்து உச்சி வரை மின்னல் வெட்டுவதுபோல் பாய்ந்து, இடைப்பட்ட நேரத்தில் அந்தத் தோல் நொந்தால் பிடரி நரம்பு வலியாக இருக்கலாம். நெற்றியிலும் தலையிலும் ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் அது அக்கி நோயா என்று பார்க்க வேண்டும். கொப்புளம் வருவதற்குச் சில நாள் முன்பே வலி தொடங்கிவிடும். இறுக்கிக் கட்டிய கூந்தலும் தலைக்கவசமும் இருக்கவே இருக்கின்றன. கழற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் விட்டுவிடும் என்பதால் அவற்றைக் கண்டுபிடிப்பது எளிது.

அப்புறம், 50 வயதைத் தாண்டியவர்களுக்கு முதல்முறையாக இப்படி வந்தால் பொறுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சி என்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் பேயார்ட் ஹார்ட்டன் 1932இல் இதை விவரித்தார். தமனியின் சுவர் வீங்கி ரத்த ஓட்டம் குறுகும். சீவும்போது தலை நோகும், மெல்லும்போது தாடை வலித்து, நிறுத்தினால் விடும், சிலருக்குப் பார்வை சட்டென்று மங்கி மறையும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவு பெரும்பாலும் எகிறியிருக்கும். உறுதி செய்யத் தமனியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பதுண்டு. ஆனால் சந்தேகம் வலுவாக இருந்தால் அந்த முடிவுக்காகக் காத்திராமல் ஸ்டீராய்டைத் தொடங்கிவிடுவார்கள், ஏனென்றால் இதில் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.