பர்ன்: வட்டில் எரிவது எது?

சேலத்தில் 'பர்ன்' என்றால் பழைய ஆட்களுக்கு வேறொன்றுதான் நினைவுக்கு வரும். சேர்வராயன் மலையடிவாரத்து வெள்ளைக்கல்லை வெட்டிச் சூளையில் சுட்ட பர்ன் கம்பெனி. கல்கத்தாப் பக்கம் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயர் ஒரு வெள்ளைக்காரரின் குடும்பப் பெயர்; சூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கல் ஆயிரத்தைந்நூறு டிகிரிக்கு மேல் வெந்த இடத்துக்கு இப்படி ஒரு பெயர் தற்செயலாக வாய்த்தது. இங்கே பேச வந்தது அந்த பர்ன் அல்ல. ஏற்காட்டுக் கோடை விழாவில் எடுத்த வீடியோவையும், காதுகுத்தில் எடுத்த போட்டோக்களையும், வீட்டு டிவியில் பார்க்க சிடி, டிவிடி என்கிற வட்டில் ஏற்றுகிறோமே, அந்த பர்ன்.

பொருள் எளிது. கணினியில் இருக்கும் கோப்பை, எழுதப்படாத ஒரு வட்டில் லேசர் ஒளியால் நிலையாகப் பதிப்பதுதான் பர்ன். ஆனால் அதை ஏன் 'எரிப்பது' என்றார்கள்?

வட்டு வருவதற்கு வெகுநாள் முன்பே இந்தச் சொல் வந்துவிட்டது. 1956ல் வென் சிங் சோ என்ற பொறியாளர், அமெரிக்காவின் அட்லஸ் ஏவுகணைக் கணினிக்காக ஒரு நினைவகத்தை வடிவமைத்தார். ஒருமுறை எழுதினால் பிறகு மாற்ற முடியாது. எழுதிய விதம்தான் வேடிக்கை. அளவுக்கு மீறி மின்சாரத்தைப் பாய்ச்சி, உள்ளே இருக்கும் மெல்லிய இணைப்புகளில் வேண்டாதவற்றைக் கருக்கிவிடுவார்கள். கருகியதற்கு ஒரு மதிப்பு, கருகாததற்கு இன்னொரு மதிப்பு. அங்கே உண்மையாகவே எரிந்தது. அதிலிருந்து, மாற்ற முடியாதபடி எதை எழுதினாலும் 'பர்ன்' என்பது மின்னணுக்காரர்களின் பேச்சு வழக்காகிவிட்டது. 1988ல் ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் நாமே எழுதக்கூடிய சிடியை உருவாக்கியபோது, சொல்லும் அதன்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

வட்டில் தீயும் இல்லை, புகையும் இல்லை. கடையில் வாங்கும் சினிமா டிவிடி அச்சில் அழுத்தியது. நுண்ணிய பள்ளங்கள் பிளாஸ்டிக்கிலேயே விழுந்திருக்கும். நாம் வாங்கும் வெற்று டிவிடியில் படத்துக்கான பள்ளங்கள் கிடையாது, ஒரு சாயப் பூச்சு இருக்கும். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் பட்ட இடத்தில் சாயம் சூடேறிச் சிதையும். சிதைந்த இடம் ஒளியைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. பிளேயர் அதைப் பள்ளம் என்று நம்பிப் படிக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் ஊதா நிற அடிப்பக்கமுள்ள டிவிடி ஒன்றில் பத்து நிமிட வீடியோவை மட்டும் எழுதி, டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். நடு ஓட்டையை ஒட்டி ஒரு வளையம் மட்டும் கொஞ்சம் நிறம் மாறித் தெரியும். வெளிப்பக்கம் அப்படியே பளபளவென்று இருக்கும். வட்டில் உள்ளிருந்து வெளியே சுருளாகத்தான் எழுதுவார்கள். எது 'எரிந்தது', எது எரியவில்லை என்று கண்ணாலேயே அளந்துவிடலாம்.

சொல்லை ஊரெல்லாம் பரப்பியதில், வட்டில் எழுத உதவும் நீரோ மென்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. முழுப்பெயர் நீரோ பர்னிங் ரோம். ரோம் எரிந்தபோது பிடில் வாசித்தான் என்று பழி சுமக்கும் நீரோ மன்னன், படிக்க மட்டுமே முடிகிற நினைவகமான ரோம், இரண்டையும் கோத்த சிலேடை. ஜெர்மன் கம்பெனி அது. ஆங்கிலத்தில் நகரம் Rome, நினைவகம் ROM. ஜெர்மன் மொழியில் நகரத்தையும் Rom என்றே எழுதுவார்கள், அதனால் சிலேடை அங்கே இன்னும் கச்சிதம். அதன் சின்னத்தில் எரிந்துகொண்டிருப்பது ரோமின் பழைய அரங்கமான கொலோசியம். ரோம் எரிந்தது கி.பி. 64ல், கொலோசியம் திறக்கப்பட்டது கி.பி. 80ல், நீரோ செத்துப் பல வருஷம் கழித்து. சின்னம் வரைந்தவருக்கு நெருப்பு அழகாக வந்தால் போதும் போல.

சரி, தமிழில் என்ன சொல்வது?

'எரித்தல்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. தமிழில் எரித்தால் மிஞ்சுவது சாம்பல். 'கல்யாண வீடியோவை எரித்துக் கொடுத்தார்' என்று எழுதினால், படிப்பவர் ஸ்டூடியோக்காரர் மேல் போலீசில் புகார் கொடுக்கச் சொல்வார். 'சுடுதல்' இன்னும் மோசம். 'படத்தைச் சுட்டுட்டான்' என்றால் திருடிவிட்டான் என்று பொருள். திருட்டு விசிடி தமிழ்நாட்டில் எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்தது என்றால், 2004ல் குண்டர் சட்டத்தையே திருத்தி வீடியோ திருடர்களையும் அதில் சேர்த்தார்கள். சொந்தப் பிள்ளையின் பிறந்தநாள் வீடியோவுக்கு அந்தச் சொல் எதற்கு?

'எழுதுதல்' குற்றமில்லாத சொல். டிரைவை 'டிவிடி ரைட்டர்' என்றும், வேலையை 'ரைட் பண்றது' என்றும்தான் கடைகளில் அதிகம் கேட்டிருக்கிறேன். பர்ன் என்பவர் குறைவு. அழித்து அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வட்டுக்கு எழுதுதல்தான் பொருந்தும். அதில் சாயம் சிதைவதில்லை, ஓர் உலோகக் கலவை உருகி மறுபடி உறைகிறது.

ஒருமுறை மட்டும் பதியும் வட்டுக்கு என் தேர்வு 'பொறித்தல்'. கல்லிலும் செப்பேட்டிலும் எழுத்துப் பொறித்தார்கள், சோழன் இமயத்தில் புலி பொறித்தான் என்பார்கள். போட்டது போட்டதுதான், மாறாது என்ற உறுதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. போதாததற்கு 'பொறி' என்றால் தீப்பொறியும்கூட. ஆங்கிலச் சொல்லின் சூட்டையும் விடாமல், பதிவதையும் சொல்லிவிடுகிறது. பிரெஞ்சுக்காரர்களும் எரிப்பதை விட்டுவிட்டு, செதுக்குவது என்று பொருள்படும் 'கிராவே' என்ற வினையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: வல்லின றகரம் போட வேண்டும். இடையினம் போட்டு 'பொரித்த வட்டு' என்று எழுதினால் அப்பளக் கடைக்குப் போய்விடும்.

வட்டா, தகடா என்ற சண்டையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 'குறுந்தகடு' நிலைத்துவிட்டது. ஈழத்தமிழர் 'இறுவட்டு' என்கிறார்கள். தகடு என்றால் உலோகம். செப்புத் தகடு, மந்திரித்த தகடு. சிடியோ 12 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக், அதில் உலோகம் மயிரிழை அளவுக்குக்கூட இல்லை. ஆங்கில 'டிஸ்க்' கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அது விளையாட்டில் வீசி எறியும் வட்டு. நம் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் இன்றைக்கும் 'வட்டு எறிதல்' என்றுதான் அறிவிக்கிறார்கள். ஆகவே நான் வட்டு பக்கம். குறுந்தகடு என்பவரைத் திருத்தப் போவதில்லை, அது வழக்கில் வென்றுவிட்ட சொல்.

எழுத்துத் தமிழ் இப்படி இருக்க, பேச்சுத் தமிழ் எப்போதோ தன் வேலையை முடித்துவிட்டது. அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் கேட்டது:

"அண்ணா, ஏற்காடு போனப்ப எடுத்ததுங்க. அம்மாயி டிவில பாக்கணும்னு சொல்லுது. சிடி போட்டுக் குடுங்க."

"டேட்டாவா போடட்டுமா, டிவில ஓடற மாதிரி போடட்டுமா தம்பி?"

'சிடி போடு' என்றால் ஓடவிடு என்று பொருள். 'சிடி போட்டுக் குடு' என்றால் பொறித்துத் தா. ஒரு 'குடு' சேர்ந்ததும் பொருளே திரும்பிவிடுகிறது. மெமரி கார்டு, பென்டிரைவ் என்றால் 'ஏத்திக் குடுங்க'. வட்டுக்குப் போடுவது, கார்டுக்கு ஏற்றுவது. யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை.

அந்த ஸ்டூடியோக்காரர் கேட்ட கேள்விதான் பர்ன் என்ற ஒற்றைச் சொல் மறைத்து வைக்கிற விஷயம். செல்போனில் எடுத்த எம்பி4 கோப்பை அப்படியே வட்டில் போட்டால் அது டேட்டா வட்டு. கணினி படிக்கும், அம்மாயி வீட்டுப் பழைய டிவிடி பிளேயர் முழிக்கும். எந்தப் பிளேயரிலும் ஓட வேண்டுமென்றால் முதலில் வீடியோவை எம்பெக்-2 வடிவத்துக்கு மாற்ற வேண்டும். நம் ஊர் டிவியின் பால் (PAL) ஒளிபரப்பு முறைக்கு 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டகங்கள். அப்புறம் அதை வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறைக்குள் முறைப்படி அடுக்கி, வேண்டுமானால் முகப்புப் பட்டியல் வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு ஆதரிங் என்று பெயர், 'வட்டாக்கம்' எனலாம். பொறிப்பது அதற்கும் அடுத்த கட்டம். மென்பொருள் இரண்டையும் ஒரே பொத்தானில் செய்துவிடுவதால்தான் எல்லாமே பர்ன் என்று நினைத்துக்கொள்கிறோம்.

வட்டின் மேல் 4.7 ஜிபி, 120 நிமிடம் என்று போட்டிருக்கும். கணினி 4.37 என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. வட்டுக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கணினி 1024ஆக எண்ணுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொண்டால் படம் தெளிவாக இருக்கும். நாலு மணி நேரக் கல்யாணத்தை ஒரே வட்டில் திணித்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். பழைய விசிடியின் படமே 352க்கு 288 புள்ளிகள்தான். பெரிய எல்இடி டிவியில் அது மங்குவதற்கு வட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

கூடவே வரும் சொல் 'ஸ்லைடு ஷோ'. ஸ்லைடு என்றால் நழுவுவது. படக்கருவிக்குள் நழுவ விடும் சிறு கண்ணாடிப் படத்துக்கு ஆகி வந்த பெயர். தியேட்டர்களில் படம் தொடங்குமுன் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரத்தை 'ஸ்லைடு போடுவார்கள்' என்பது நினைவிருக்கலாம். தமிழில் 'படவில்லை' நல்ல சொல். வில்லை என்றால் மெல்லிய சிறு துண்டு. ஆகவே 'படவில்லைக் காட்சி'. 'நழுவுப்படம்' வேண்டாம், கேட்டாலே வழுக்குகிறது. படத்துக்கு ஐந்து நொடி வைத்தால் ஐந்து நிமிடப் பாட்டுக்கு 60 படங்கள் போதும். பழைய பெட்டி டிவி நாலு ஓரத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பகோடா பாயின்டில் எடுத்த குரூப் போட்டோவைச் சட்டகம் முழுக்க நிரப்பினால் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா காணாமல் போவார். சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு வையுங்கள், எழுத்துப் போட்டாலும் அந்த எல்லைக்குள்ளேயே போடுங்கள்.

கடைசியாக 'பைனலைஸ்'. ஸ்டூடியோக்களில் 'க்ளோஸ் பண்ணியாச்சா' என்று கேட்பது இதைத்தான். தமிழில் 'மூடுதல்' போதும். எழுதி முடித்ததும் வட்டின் பொருளடக்கத்தை நிரந்தரமாகப் பதிந்து, இனிமேல் சேர்க்க ஒன்றுமில்லை என்று குறிக்கும் வேலை. மூடாத வட்டு எழுதிய கணினியில் நன்றாக ஓடும், டிவிக்குக் கீழே இருக்கும் பிளேயரில் பெரும்பாலும் ஓடாது. அடுத்த வாரம் இன்னும் நாலு படம் சேர்த்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருப்பவர்கள், அந்த நாலையும் சேர்த்த பிறகு மூடி அனுப்புவது நல்லது. மூடிய டிவிடியில் பிறகு ஒரு படம்கூடச் சேர்க்க முடியாது. புது வட்டுத்தான் வாங்க வேண்டும்.