ஸ்பா தொட்டிக்கு எர்த் கம்பி மட்டும் போதாது

அமெரிக்காவில் தனிவீடு வாங்கிய பலருக்கு, கொல்லைப்புறத்தில் தரைக்குள் பதித்த ஒரு ஸ்பா தொட்டி வேண்டும் என்ற ஆசை இருக்கும். நீர் 104 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சூடாகும், முதுகில் நீர்த்தாரை அடிக்கும். மின் ஹீட்டர் வைத்த தொட்டி என்றால் அதற்குப் போவது 240 வோல்ட். 5.5 கிலோவாட் ஹீட்டர் மட்டுமே 23 ஆம்பியர் இழுக்கும். பம்புகளையும் சேர்த்துப் பெரும்பாலும் 50 ஆம்பியர் பிரேக்கர் போடுவார்கள். இவ்வளவு மின்சாரத்துக்குப் பக்கத்திலேயே மனிதர்கள் கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உலர்ந்த தோல் மின்சாரத்துக்குப் பல்லாயிரம் ஓம் தடை கொடுக்கும். நீரில் ஊறிய உடலில் அது ஆயிரம் ஓம் அளவுக்கு, சில சமயம் அதற்கும் கீழே இறங்கிவிடும். அப்போது வெறும் 10 வோல்ட் பட்டாலே 10 மில்லியாம்பியர் பாயும். தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போவது ஏறக்குறைய அந்த அளவில்தான். வீட்டுக்குள் நாம் பொருட்படுத்தாத வோல்ட் அளவு, நீரில் இருப்பவரை அசைய விடாமல் செய்து மூழ்கடித்துவிடும். அதனால்தான் அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு நீச்சல் குளங்களுக்கும் ஸ்பாக்களுக்கும் 680 என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது.

முதல் காவல், ஜிஎஃப்சிஐ என்ற கருவி. பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல் 1961-இல் உருவாக்கியது. எவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் மனிதனால் கையை விடுவிக்க முடியாது என்று தன்னார்வலர்களை வைத்து அளந்து பார்த்தவர் அவர். கருவி வேலை செய்யும் விதம் எளிது. ஸ்பாவுக்குப் போகும் இரண்டு பேஸ் கம்பிகளும் நியூட்ரலும் ஒரு காந்த வளையத்தின் நடுவே போகின்றன. போன மின்சாரம் முழுவதும் அதே கம்பிகளில் திரும்பினால் வளையத்தில் நிகரக் காந்தப்புலம் இல்லை. ஒரு பகுதி நீர் வழியாகவோ உடல் வழியாகவோ மண்ணுக்குக் கசிந்தால் கணக்கு இடிக்கும். வித்தியாசம் 4 முதல் 6 மில்லியாம்பியருக்குள் வந்ததுமே கருவி இணைப்பைத் துண்டித்துவிடும். தமிழ்நாட்டு வீடுகளில் மாட்டும் ஆர்சிசிபி-யும் இதே தத்துவம்தான். ஆனால் அது வழக்கமாக 30 மில்லியாம்பியருக்கு வடிவமைக்கப்பட்டது.

இங்கே வழக்கமாக நடக்கும் ஒரு பிழையைச் சொல்லிவிட வேண்டும். ஸ்பாவிலிருந்து வரும் நியூட்ரலை ஜிஎஃப்சிஐ பிரேக்கரில் அதற்கென உள்ள முனையில் மாட்டாமல், பழக்கதோஷத்தில் பேனலின் நியூட்ரல் பட்டையில் மாட்டிவிடுவார்கள். திரும்பும் மின்சாரம் வளையத்துக்கு வெளியே போவதால், ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட்டில் இயங்கும் பாகம் எது ஓடினாலும் பிரேக்கர் உடனே விழும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துச் சாதாரண பிரேக்கரை மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு. உயிர்க்காவலை எடுத்து வெளியே எறிவதற்குச் சமம் அது.

இரண்டாவது, எர்த் கம்பி. ஹீட்டரின் உலோக உறை அரித்து மின்சாரம் கசிந்தால், அது தடை மிகக் குறைந்த செம்புக் கம்பி வழியே பேனலுக்குத் திரும்பிப் பிரேக்கரை விழவைக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் எர்த் ராடு அடித்துவிட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ராடுக்கும் மண்ணுக்கும் இடையே 25 ஓம் தடை என்று வைத்தால், 120 வோல்ட்டில் பாய்வது 5 ஆம்பியருக்கும் குறைவு. ஜிஎஃப்சிஐ இல்லாத சாதாரண 50 ஆம்பியர் பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. உலோகத்தில் மின்சாரம் அப்படியே நிற்கும். பழுதான மின்சாரத்தை விரட்டுவது பேனலுக்குத் திரும்பும் கம்பிதான், மண் அல்ல.

மூன்றாவதுதான் பலருக்குப் புரியாமல் போவது, என் பார்வையில் மிக முக்கியமானதும் கூட: பாண்டிங். ஷாக் அடிக்க வோல்ட் இருந்தால் மட்டும் போதாது. உடல் தொடும் இரண்டு இடங்களுக்கு நடுவே வித்தியாசம் இருக்க வேண்டும். கோயில் குளத்தில் நீர் ஏறினால் தெப்பமும் அதன் மேல் நிற்பவர்களும் சேர்ந்தே ஏறுவார்கள், யாருக்கும் எதுவும் தெரியாது. பாண்டிங் செய்வதும் அதுதான். தொட்டியின் கான்கிரீட்டுக்குள் உள்ள இரும்புக் கம்பிகள், கைப்பிடி, பம்பு மோட்டாரின் உடல், விளக்குக் கூடு, 5 அடிக்குள் உள்ள உலோக வேலி எல்லாவற்றையும் அமெரிக்கக் கம்பி அளவில் 8-ஆம் எண் கனமுள்ள ஒற்றை இழைச் செம்புக் கம்பியால் பிணைத்துவிடுகிறார்கள். நீரையும் விடுவதில்லை. வேறு வழியில் நீர் பிணைக்கப்படாவிட்டால், குறைந்தது 9 சதுர அங்குல உலோகப் பரப்பு நீரைத் தொட்டபடி இருந்து இந்த வலையில் சேர வேண்டும். தொட்டியைச் சுற்றி 3 அடி வரை உள்ள நடைத்தளத்தையும் சேர்க்க வேண்டும். ஈரக்காலோடு மனிதர் நிற்பது அங்கேதானே.

அந்த 3 அடி ஏன் என்பதற்கு அமெரிக்க மின் வலையமைப்பின் ஒரு குணத்தைப் பார்க்க வேண்டும். அங்கே தெருவில் போகும் உயரழுத்த வரிசையின் நியூட்ரல் வழி நெடுகிலும் மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கும். வீட்டின் நியூட்ரலும் டிரான்ஸ்பார்மரில் அதோடு சேரும். ஊரார் பயன்படுத்தும் மின்சாரம் அந்த நியூட்ரலில் திரும்பும்போது, கம்பியின் தடையால் அதில் சில வோல்ட் எழும். அந்தச் சில வோல்ட் உங்கள் எர்த் கம்பி வழியே ஸ்பாவின் உலோகத்துக்கும் நீருக்கும் வந்து சேரும். கொஞ்சம் தள்ளியுள்ள மண்ணோ கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருக்கும். ஒரு கால் நீரிலும் ஒரு கால் நடைத்தளத்திலும் வைத்து வெளியே ஏறுகிறவருக்குச் சுரீரென்று ஏறும். இந்த மின்சாரம் ஸ்பாவின் பேஸ் கம்பி வழியாக வரவில்லை. அதனால் ஜிஎஃப்சிஐ அதைப் பார்ப்பதே இல்லை. நடைத்தளமும் அதே வலையில் இருந்தால் மட்டுமே இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கும்.

தரைக்குள் பதிக்கும் ஸ்பாவில் இந்த வேலைக்கு ஒரே ஒரு சந்தர்ப்பம்தான். கான்கிரீட் ஊற்றிய பிறகு எல்லாம் மறைந்துவிடும். இணைப்புக் கவ்விகள் மண்ணில் புதைக்கத் தகுதி பெற்ற செம்பு, பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். வேறு எதுவானாலும் குளோரின் நீர் தின்றுவிடும். உள்ளூர் ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை கான்கிரீட் லாரியை உள்ளே விடாதீர்கள், ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுத்து வையுங்கள். தொட்டியின் உள்சுவரிலிருந்து 6 அடிக்குள் பிளக் பாயிண்ட் இருக்கக்கூடாது. மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் நீரில் இருப்பவர் கைநீட்டித் தொடாதபடி குறைந்தது 5 அடி தள்ளி.

எல்லாம் முடிந்து ஓடும் தொட்டியில் என்றாவது லேசாகச் சுள்ளென்றால், எல்லோரும் வெளியேறிவிட வேண்டும், கைப்பிடியைத் தொடாமல். அப்புறம் எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்து நீருக்கும் நடைத்தளத்துக்கும் நடுவே அளப்பார், பிறகு வீட்டின் மெயினை அணைத்துவிட்டு மறுபடி அளப்பார். வோல்ட் மறைந்தால் பழுது பெரும்பாலும் வீட்டுக்குள். மெயின் அணைந்த பிறகும் நின்றால் அது தெருவிலிருந்து வருகிறது, மின் நிறுவனத்தை அழைக்க வேண்டும், நடைத்தளத்தின் பாண்டிங்கையும் திறந்து பார்க்க வேண்டும்.