சாக்கெட்: ஏர்க்கொழுவில் பிறந்த சொல்

என் அக்கா மகனிடம் பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. 2012-இல் வாங்கியது. எச்61 வகை மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் பலகை), உள்ளே ஐ3-2100 ப்ராசஸர், அதாவது கணினியின் மூளை. ரேம் கூட்டியாயிற்று, எஸ்.எஸ்.டி. போட்டாயிற்று, மிச்சம் ப்ராசஸர்தான் என்று சொல்லி யாரிடமோ ஒரு ஐ7-4770 வாங்கி வந்துவிட்டான். "இன்டெல் போர்டு, இன்டெல் ப்ராசஸர், அப்புறம் என்ன மாமா?" என்றான். வைத்துப் பார்த்தால் உட்காரவில்லை. ப்ராசஸரின் ஓரங்களில் அரைவட்டமாக இரண்டு சின்ன வெட்டுகள் இருக்கும். அவை போர்டில் இருக்கும் இரண்டு மேடுகளுக்கு நேராக வரவேண்டும். வரவில்லை. நல்லவேளை, அழுத்திப் பார்க்காமல் என்னைக் கூப்பிட்டான். அவன் போர்டு 1155. கையில் இருந்தது 1150-க்கான ப்ராசஸர்.

வாங்கும் முன் அவன் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்விதான்: "என்ன சாக்கெட்?"

ஒரு கணினியில் எந்த ப்ராசஸரைப் போடலாம், எதைப் போட முடியாது என்பதை முதலில் தீர்மானிப்பது அதுதான். மதர்போர்டின் நடுவில், ப்ராசஸர் வந்து அமரும் சதுரமான இடம். அதன் வழியாகத்தான் மின்சாரம் உள்ளே போகிறது, தரவு போய் வருகிறது. பெயரோடு வரும் எண் பெரும்பாலும் தொடுமுனைகளின் எண்ணிக்கை. எல்.ஜி.ஏ. என்ற சாக்கெட் வகையில் 775 என்றால் 775 முனைகள், 1155 என்றால் 1155. ஆகவே 1150-உம் 1155-உம் பக்கத்து வீட்டு எண்கள் மாதிரி தெரிந்தாலும் இரண்டும் வேறு வேறு ஊர்.

சொல்லின் கதை இதைவிடச் சுவையானது. ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சு வழியாக வந்தது. பழைய பிரெஞ்சில் 'சொக்' என்றால் ஏர்க்கொழு, கலப்பை நுனியில் மண்ணைக் கிழிக்கும் இரும்பு. அதற்கும் முன்னால் கெல்ட்டிய மொழிகளில் பன்றியின் மூக்கைக் குறித்த சொல்லாக இது இருந்திருக்க வேண்டும் என்று சொல்வரலாறு ஆராய்பவர்கள் கருதுகிறார்கள். மூக்கால் மண்ணைக் கிளறும் பன்றியைப் பார்த்த ஓர் உழவர்தான் கொழுவுக்கு அந்தப் பெயரை வைத்திருப்பார். 'சொக்' என்பதன் குறுமை வடிவம் 'சொக்கெத்', அதாவது சின்னக் கொழு. கொழு வடிவில் இருந்த ஈட்டி முனைக்கு அது பெயராயிற்று. ஈட்டி முனையின் அடியில் மரக்காம்பு நுழைய ஒரு குழிவு இருக்குமே, 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் சொல் அந்தக் குழிவுக்கு இடம் மாறிவிட்டது. ஒன்றை உள்வாங்கிப் பிடித்துக்கொள்ளும் எந்தக் குழிவும் சாக்கெட் ஆனது. 1600 வாக்கில் கண்குழிக்கும் எலும்பு மூட்டுக்கும் வந்தது. 1880-களில் மின்விளக்கோடு சுவருக்கு வந்தது. அங்கிருந்து மதர்போர்டுக்கு. காலில் போடும் சாக்ஸுக்கும் இதற்கும் உறவில்லை. அது செருப்பைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

முன்பெல்லாம் கணினியிலும் சாக்கெட் என்றால் குழிதான். ப்ராசஸரின் அடியில் ஊசி ஊசியாகக் கால்கள் இருக்கும், போர்டில் துளைகள் இருக்கும். 1990-களின் நடுவில் வந்த சாக்கெட் 7 அப்படிப்பட்டது. ஒரே துளைத்தட்டில் இன்டெல், ஏ.எம்.டி., சைரிக்ஸ் என்று மூன்று நிறுவனங்களின் ப்ராசஸர்களும் உட்கார்ந்தன. இன்று நினைத்துப் பார்த்தால் ஏக்கமாக இருக்கிறது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வரையிலும் இந்தத் துளை முறை தொடர்ந்தது. அதில் 1331 கால்கள். ப்ராசஸரின் சூட்டை இழுக்க மேலே மாட்டியிருக்கும் ஹீட்சிங்கை வெடுக்கென்று தூக்கினால், இடையில் தடவி உலர்ந்துபோன பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், கால் வளையும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்துவிட்டு, ஹீட்சிங்கை லேசாக இப்படியும் அப்படியும் திருகி எடுக்க வேண்டும்.

2004-இல் எல்.ஜி.ஏ. 775 வந்தபோது இன்டெல் டெஸ்க்டாப்களில் இது தலைகீழானது. ப்ராசஸரின் அடி வழவழப்பாகிவிட்டது, பொன்பூசிய புள்ளிகள் மட்டும். ஊசிகள் போர்டுக்குப் போய்விட்டன. நெம்புகோலைத் தூக்கி, இரும்புச் சட்டத்தைத் திறந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை போன்ற உலோக நாக்குகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து நிற்கும். ஒரு துணி நூல் பட்டாலே போதும், நாலைந்து வளைந்துவிடும். எனவே ப்ராசஸரை இங்கே செருகுவதில்லை. மூலையில் இருக்கும் பொன் முக்கோணத்தைப் பார்த்து, விரலால் ஓரங்களைப் பிடித்து, மெல்ல வைத்துவிட வேண்டும். சட்டத்தை மூடி நெம்புகோலை இறக்கும்போது வரும் அழுத்தம்தான் அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கடைசி நொடியில் 'நறுக்' என்று ஒரு சத்தம் வரும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அங்கே மூச்சு ஒரு கணம் நின்றுதான் வரும்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? 'துளை', 'குழி' என்று தொடங்கும் சொற்கள் எல்.ஜி.ஏ.வுக்கு ஒத்துவராது, அங்கே குழியே இல்லை. 'செருகுவாய்' என்பதும் சரியில்லை. அது நீளப் பிளவுக்குரிய சொல், ரேம் மாட்டும் ஸ்லாட்டுக்கு அழகாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் கணினிக் கலைச்சொல்லாக வழங்கும் 'பொருத்துவாய்' பரவாயில்லை. செய்யும் வேலையைச் சொல்கிறது. ஆனால் பொருத்துகிற எல்லாவற்றுக்கும் அது போகும்.

எனக்குப் பிடித்தது 'குதை'. இலங்கைத் தமிழில் மின் பிளக்கைச் செருகி என்றும் சாக்கெட்டைக் குதை என்றும் எழுதும் வழக்கம் உண்டு. சொல் பழையது. வில்லின் முனையில் நாணின் கண்ணியை மாட்டுவதற்காக வெட்டியிருக்கும் இடம் குதை. ஈட்டி முனையிலிருந்து சாக்கெட் வந்தது போல, வில் முனையிலிருந்து குதை வந்திருக்கிறது. அதைவிட முக்கியம், நாண் குதைக்குள் செருகப்படுவதில்லை. அங்கே போய் அமர்கிறது, வில்லின் விறைப்பு அதைப் பிடித்துக்கொள்கிறது. எல்.ஜி.ஏ. சாக்கெட்டில் நடப்பதும் இதுவேதான். ஊசி மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் இந்தச் சொல் தாங்கும்.

ப்ராசஸருக்குச் 'செயலி' நல்ல சொல். ஆனால் இன்று செய்தித்தாளில் செயலி என்றால் கைப்பேசி ஆப். 'செயலியை மேம்படுத்துங்கள்' என்ற வரியைப் படித்துவிட்டு யாரும் திருப்புளியைத் தேட மாட்டார்கள். எனவே ஐயம் வரும் இடத்தில் 'நுண்செயலி' என்று எழுதிவிடுவது நல்லது. 'சிபியு' என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. நம் ஊரில் சிபியு என்றால் மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டி முழுவதும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. குதை பொருந்தினால் மட்டும் போதாது. 2015-இல் வந்ததும் 2017-இல் வந்ததும் பெயரளவில் ஒரே எல்.ஜி.ஏ. 1151. ப்ராசஸர் இரண்டிலும் உட்காரும். ஆனால் 2017-இன் எட்டாம் தலைமுறை ப்ராசஸரை 2015-இன் போர்டு ஏற்காது. மின் இணைப்புகளைச் சில முனைகளில் மாற்றிவிட்டார்கள், போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லான சிப்செட்டும் வேறு. எச்61 போர்டில் வேறொரு சிக்கல். 2011-இல் வந்த அந்த போர்டுக்கு 2012-இல் வந்த ஐ7-3770 யார் என்றே தெரியாது. கணினியைத் துவக்கிவைக்கும் போர்டின் உள்மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால்தான் அடையாளம் காணும். அதையும் பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

அக்கா மகனுக்கு அப்படித்தான் செய்தோம். 4770-ஐத் திருப்பிக் கொடுத்து 3770 வாங்கினோம். பயாஸை முதலில் ஏற்றிவிட்டு, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பிறகுதான் நெம்புகோலைத் தொட்டோம். ப்ராசஸருக்குள் வேலை செய்யும் அலகுகளான கோர்கள் இரண்டு இருந்த இடத்தில் இப்போது நான்கு. பெட்டியின் உள்பக்கத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, அடுத்து திறப்பவருக்காக எழுதி வைத்திருக்கிறான்: "செயலிக் குதை 1155. பயாஸ் புதுப்பித்தது."