உணவுப் பாதுகாப்பா, உணவு உறுதியா?

சிறு, குறு விவசாயக் குடும்பங்களைப் பற்றித் தமிழில் வரும் அறிக்கைகளில், ஆங்கில ‘food security’க்கு ஈடாக ‘உணவுப் பாதுகாப்பு’ என்னும் தொடர் சலிப்புத் தட்டும் அளவுக்குப் புழங்குகிறது. ‘இவ்வூர்க் குடும்பங்களிடையே உணவுப் பாதுகாப்பு குறைவு’ என்பதைப் படிப்பவர், அங்கே கலப்பட எண்ணெய் விற்கிறார்கள் போலும் என்று எண்ணினால் பிழை அவருடையது அன்று. உணவின் தூய்மையையும் தரத்தையும் பற்றிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இதே பெயர். ஊரக மக்களில் 75 விழுக்காட்டினர் வரையும் நகர மக்களில் 50 விழுக்காட்டினர் வரையும் தானியம் பெறும் உரிமையைச் சொல்லும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இதே பெயர். கார்பைடு மாம்பழத்தைப் பறிமுதல் செய்யும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு ரேஷன் அரிசியோடு தொடர்பில்லை.

‘security’ என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீனில் ‘கவலையின்றி’ என்னும் பொருளில் பிறந்தது. கவலையற்றிருக்க வேண்டியவர் உண்பவர். ‘உணவுப் பாதுகாப்பு’ என்றவுடன் காக்கப்படும் பொருளாக உணவு முன்னே வந்து, உண்பவர் மறைந்துவிடுகிறார். 1996இல் உரோமில் கூடிய உலக உணவு உச்சி மாநாடு தந்த வரையறையோ, எல்லா மக்களுக்கும் எல்லாக் காலத்திலும் போதிய, தூய, சத்தான உணவு கைக்கெட்டும் தொலைவிலும் விலையிலும் இருக்க வேண்டும் என்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு மாற்றாகச் சிலர் ‘உணவுத் தன்னிறைவு’ என்று எழுதுகிறார்கள். இது அதைவிடத் தவறு. தன்னிறைவு என்பது ஒரு நாடோ வீடோ தனக்கு வேண்டியதைத் தானே விளைவித்துக்கொள்வது. நாட்டின் கிடங்குகள் நிரம்பியிருக்கையிலும் வீட்டில் அடுப்பெரியாமல் போகலாம். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்திய சென், தானியம் இருந்ததா என்பதைவிட அதை வாங்கும் சக்தி மக்களுக்கு இருந்ததா என்பதே முதன்மையான கேள்வி என்று காட்டினார். காவிரிப் படுகையில் குத்தகை நிலத்தில் சம்பா போடும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அறுவடை நேரத்தில் கடன்காரர் வாசலில் நிற்பார். நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் கொள்முதல் நிலையத்தில் காயவைத்துக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர் வியாபாரி சொன்ன விலைக்கு மூட்டையை ஏற்றிவிட்டு, சில மாதங்கள் கழித்துப் பருப்புக்கும் எண்ணெய்க்கும் கடையில் கடன் சொல்லுவார். நெல்லை விளைவித்த வீடு அது. தன்னிறைவு என்ற சொல்லால் அதன் நிலையை அளக்க வழியே இல்லை. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்று நம்மவர் சொல்வதில் இருக்கும் நுட்பம் இந்தக் கலைச்சொல்லில் இல்லை.

இதே அறிக்கைகளில் ‘market access’ என்பதற்கு வரும் ‘சந்தை அணுகல்’ இன்னொரு தலைவலி. அணுகுவது விவசாயி செய்யும் செயல். அவர் நாள்தோறும் அணுகிக்கொண்டுதான் இருக்கிறார், விலைதான் வண்டி வாடகைக்குக்கூடக் கட்டவில்லை. ‘விற்க வாய்ப்பு’, ‘வாங்க வசதி’ என்று இடத்துக்கேற்பப் பிரித்து எழுத மொழிபெயர்ப்பாளருக்கு ஏனோ மனம் வருவதில்லை. சொல்லுக்குச் சொல் நட்டுவிட்டால் பணி முடிந்தது என்னும் எண்ணம் வேரோடிவிட்டது.

என் தேர்வு ‘உணவு உறுதி’. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வழியே ‘உறுதி’ கிராமங்களில் நன்கு பழகிய சொல். உறுதி என்றால் ஒருவர் தரும் உத்தரவாதம், இங்கே பேசப்படுவதோ ஒரு நிலை என்று மறுப்பவர்கள் உண்டு. அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாளைய சோறு நிச்சயம் என்ற நிலையையும் தமிழில் உறுதி என்றே சொல்கிறோம். தனித்தமிழ் விரும்புவோர் குறளில் நாட்டின் அணிகளுள் ஒன்றாக வரும், காவல் என்று பொருள்படும் ‘ஏமம்’ என்பதை மீட்கக் கேட்கலாம். அழகான சொல்தான், ஆனால் ‘உணவேமம்’ என்று ஊராட்சிக் கூட்டத்தில் படித்தால் அதற்கும் ஓர் உரையாசிரியர் வேண்டும். எதிர்மறைக்கும் ‘உணவு உறுதியின்மை’ இயல்பாகவே அமைகிறது. ‘உணவுப் பாதுகாப்பு’ என்பதை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொருளுக்கு மட்டும் விட்டுவிடலாம்.